பழைய பெண்டிங் மெஷின்: தகட்டில் தெரியும் கோளாறும் அதைச் சரிசெய்யும் வழியும்

காரைக்குடியில் மூடப்போகிற ஒரு பட்டறையிலிருந்து, தகடு மடிக்கும் எட்டடி நீள பெண்டிங் மெஷின் ஒன்றை வாங்கி வந்தேன். வந்த முதல் வாரத்திலேயே ஆறு ஜி.ஐ. தகடு (துத்தநாகம் பூசிய இரும்புத் தகடு) வீணாகிவிட்டது. ஆச்சி ஒருவர் வீட்டு முற்றத்தைச் சுற்றி, ஓட்டு விளிம்பிலிருந்து விழும் மழைத்தண்ணீரைப் பிடிக்கும் தகரக் கால்வாய் செய்வதற்காக எடுத்த தகடு அது. ஐப்பசி மழைக்கு முன்னால் மாட்டிக் கொடுப்பதாகச் சொல்லியிருந்தேன். மடித்தால் இடது பக்கம் 90 டிகிரி வருகிறது, வலது பக்கம் 85 தான் மடிகிறது, நடு இன்னும் விரிந்து நிற்கிறது. விற்றவர் ஏமாற்றிவிட்டார் என்றே நினைத்தேன்.

எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த அண்ணன் வந்து பார்த்தார். தகட்டைக் கையில்கூட எடுக்கவில்லை. "மெஷினைத் திட்டாதே தம்பி, முதல்ல தரையைப் பாரு" என்றார். வலது கால் ஒன்றின் அடியில் சிமென்ட் பெயர்ந்து பள்ளமாகக் கிடந்தது. அன்று தொடங்கி, தகட்டில் என்ன கோளாறு தெரிகிறதோ அதிலிருந்து காரணத்தைத் தேடிப் போகும் பழக்கம் வந்தது. அந்த வரிசையில்தான் இதை எழுதுகிறேன்.

பெயர்களைச் சொல்லிவிடுகிறேன். தகடு படுத்திருக்கும் இடம் பெட். மேலிருந்து தகட்டை அழுத்திப் பிடிப்பது மேல் பீம். பீமின் முன்விளிம்பில் உள்ள கூரான பகுதி மூக்கு. கைப்பிடியோடு நாம் தூக்கி மடக்குவது தூக்குப் பலகை. பலகையை 90 டிகிரிக்குத் தூக்கி நிறுத்தும்போது மூக்குக்கும் பலகை முகத்துக்கும் நடுவே இருப்பது மூக்கு இடைவெளி. கோளாறுகளில் பாதிக்கு மேல் இந்த இடைவெளியிலும் தரையிலும்தான் இருக்கின்றன.

தகடு போடும் முன்

கீழே சொல்லும் எந்தக் கோளாறாக இருந்தாலும், மெஷின் முறுக்கிக்கொண்டு நிற்கிறதா என்பதை முதலில் பாருங்கள். நேரான சதுரக் குழாய் இரண்டு துண்டு எடுத்து, பெட்டின் இரு கோடியிலும் குறுக்காக வையுங்கள். ஒரு கோடியில் குனிந்து, ஒரு குழாயின் மேல்விளிம்பு வழியாக மற்றதைப் பாருங்கள். இரண்டு விளிம்பும் ஒரே கோடாகத் தெரிந்தால் பெட் நேராக இருக்கிறது. ஒரு பக்கம் ஏறி மறுபக்கம் இறங்கித் தெரிந்தால் முறுக்கு இருக்கிறது. ரசமட்டம் மட்டும் போதாதா என்று கேட்பார்கள். எட்டடி நீளத்தில் சிறிய முறுக்கு ரசமட்டத்தில் தப்பிவிடும், இந்தக் குழாய்ப் பார்வையில் தப்பாது.

முறுக்கு இருந்தால், தாழ்ந்த காலின் அடியில் இரும்புத் தகட்டுத் துண்டுகளை வைத்து ஏற்றுங்கள். மரத்துண்டு வேண்டாம், நாளடைவில் அமுங்கிவிடும். பிறகு மெஷினைத் தரையோடு பிடிக்கும் ஆங்கர் போல்ட்டை இறுக்குங்கள். இறுக்கியதும் மறுபடி குழாயை வைத்துப் பாருங்கள், ஏனென்றால் போல்ட்டை இறுக்குவதே மெஷினை முறுக்கும். எனக்கு மூன்று முறை தளர்த்தி இறுக்க வேண்டியிருந்தது.

தரையில் போல்ட் போடாமல் வேலை செய்யவே கூடாது. பலகையைத் தூக்கும்போது எடை முன்னால் வருகிறது, மெஷின் கவிழக்கூடும். நம் பக்கத்துச் செம்மண் தரையில் அப்படியே நிறுத்தினால் மழைக்காலத்தில் கால் இறங்கும். கால்கள் நிற்கும் இடத்தில் மட்டுமாவது கான்கிரீட் போட்டுவிடுங்கள்.

அப்புறம் துடைப்பது. பழைய மெஷினின் பெட்டிலும் மூக்கிலும் வருடக்கணக்கான துருவும் காய்ந்த கிரீஸும் ஒட்டியிருக்கும். மண்ணெண்ணெய் ஊற்றித் தேய்த்து, கம்பி பிரஷ் போட்டு, கீல்களுக்கு எண்ணெய் விடுங்கள். ஒட்டியிருக்கும் ஒரு சிறு வெல்டிங் துளிகூடப் பீமை ஒரு பக்கம் தூக்கி நிறுத்தும்.

ஒரு கோடியில் மடிந்தது, மறு கோடியில் விரிகிறது

நான் பட்ட கோளாறு இதுதான், அதிகமாகக் கேட்கப்படுவதும் இதுதான். ஒரு சோதனை போதும்: ஒரே அளவில் இரண்டு துண்டு வெட்டி, முதல் துண்டை மடித்து, எந்தக் கோடியில் விரிந்தது என்று குறித்துக்கொள்ளுங்கள். இரண்டாவது துண்டை இட வலமாகத் திருப்பி வைத்து மடியுங்கள். மெஷினின் அதே கோடியில் மறுபடி விரிந்தால் மெஷினில் குறை. விரிவு தகட்டோடு இடம் மாறினால் தகட்டில் குறை, அதாவது தடிமன் வித்தியாசமோ, வெட்டியபோது விளிம்பில் வந்த பிசிறோ காரணமாக இருக்கும்.

மெஷினில்தான் குறை என்றால் முறுக்கு, மூக்கு இடைவெளி, கீல் என்ற வரிசையில் பாருங்கள். மூக்கு இடைவெளியை அளக்க, பலகையை 90 டிகிரிக்குத் தூக்கி ஒருவர் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் இரு கோடியிலும் ஃபீலர் கேஜ் (இடைவெளியை அளக்கும் மெல்லிய தகட்டு அளவி) விட்டுப் பார்க்க வேண்டும். ஃபீலர் இல்லையென்றாலும் வழி உண்டு. இரும்புத் தகடாக இருந்தால் தடிமனைப் போல ஒன்றரை மடங்கு இடைவெளி நல்ல தொடக்கம். தகட்டின் தடிமனைக் கேஜ் எண்ணால் சொல்வோம்: 20 கேஜ் தகடு 0.91 மி.மீ., 26 கேஜ் தகடு 0.46 மி.மீ. இரண்டிலும் ஒவ்வொரு துண்டைச் சேர்த்து வைத்தால் சரியாக 20 கேஜின் ஒன்றரை மடங்கு. அந்த ஜோடித் துண்டு இரு கோடியிலும் ஒரே இறுக்கத்தில் நுழைய வேண்டும். ஒரு பக்கம் லொடலொடவென்று இருந்தால், அந்தப் பக்கத்து சரிசெய்யும் போல்ட்டைத் தளர்த்திப் பீமை முன்னால் கொண்டுவாருங்கள்.

இடைவெளியும் சரி, முறுக்கும் இல்லை என்றால் கீலைப் பாருங்கள். பலகையின் ஒரு கோடியைக் கையால் மேலும் கீழும் ஆட்டுங்கள். கண்ணுக்குத் தெரியும்படி ஆடினால் கீல் ஊசியோ, அது சுழலும் குழாயான புஷ்ஷோ தேய்ந்திருக்கிறது. லேத்தில் கொடுத்துக் கன்மெட்டல் புஷ் போட்டுக்கொள்ளலாம். ஒரு பக்கம்தான் தேய்ந்திருந்தாலும் இரண்டையும் மாற்றுங்கள். மாட்டும்போது கவனிக்க வேண்டியது: பலகை முழுதாகக் கீழே இருக்கையில் அதன் மேல்விளிம்பு பெட்டின் மேற்பரப்போடு ஒரே மட்டமாக இருக்க வேண்டும். பலகை உயர்ந்து நின்றால் தகட்டைப் பிடிக்கும்போதே தூக்கும். தாழ்ந்து நின்றால் மடிப்பு வழுக்கிப் பெரிய வளைவாக வரும்.

இவை எல்லாம் சரியாக இருந்தும் விரிகிறதா? எங்கே நின்று பலகையைத் தூக்குகிறீர்கள்? எட்டடி மெஷினில் ஒருவர் ஒரு கோடியில் நின்று தூக்கினால் பலகையே முறுக்கிக்கொள்ளும். இரண்டு பேர் இரு கோடியிலும் நின்று சேர்ந்து தூக்குங்கள்.

இரு கோடியும் சரி, நடுவில் விரிகிறது

நீளமான கால்வாயில் இது நன்றாகத் தெரியும். மாட்டியதும் நடு தொப்பை போட்டதுபோல் இருக்கும். காரணம் இரண்டில் ஒன்று: மேல் பீம் நடுவில் அழுத்தாமல் இருக்கலாம், அல்லது தூக்குப் பலகை நடுவில் வெளியே வளையலாம்.

எது என்று தெரிய, மூன்று காகிதத் துண்டுகளை இரு கோடியிலும் நடுவிலும் வைத்து, அதே தடிமன் தகட்டின் மேல் பீமை இறுக்குங்கள். மூன்றையும் இழுத்துப் பாருங்கள். நடுக் காகிதம் மட்டும் சுலபமாக வந்தால் பீமில்தான் குறை. பீமின் முதுகில் அதை வளையாமல் இழுத்துப் பிடிக்கும் இழுகம்பி இருந்தால் அதன் நட்டைக் கால் சுற்று இறுக்கி மறுபடி சோதியுங்கள். கால் சுற்றுதான், ஒரேயடியாக முழுச் சுற்று வேண்டாம். இழுகம்பி இல்லாத மெஷினில் மூக்குத் துண்டுக்கும் பீமுக்கும் நடுவே, மையப் பகுதியில் மெல்லிய ஷிம் (இடைவெளியை நிரப்பும் தகட்டுத் துண்டு) வைக்கலாம். பழைய தகர டப்பாவில் வெட்டிய துண்டே போதும். மையத்தில் இரண்டு, பக்கங்களில் ஒன்று என்று படிப்படியாகக் குறைத்து வையுங்கள். ஒரே இடத்தில் தடிமனாக வைத்தால் அந்த இடத்தில் மட்டும் தகட்டில் தடம் விழும்.

மூன்று காகிதமும் இறுகியிருந்து நடுவும் விரிந்தால், பலகை வளைகிறது. பலகைக்கு அடியில் இழுகம்பி இருந்தால் அதையும் இதேபோல் இறுக்கலாம். ஆனால் பெரும்பாலும் தகடு மெஷினின் சக்திக்கு மிஞ்சியது என்றே பொருள். அடுத்த பகுதியைப் படியுங்கள்.

கைப்பிடியைத் தூக்கவே முடியவில்லை

கேஜ் எண் தலைகீழாகப் போகிறது என்பதைப் புதியவர்கள் மறந்துவிடுகிறார்கள். எண் குறையக் குறையத் தடிமன் கூடும். மடக்கத் தேவைப்படும் பலமோ தடிமனின் இருபடி மடங்காக ஏறும். 20 கேஜிலிருந்து 18 கேஜுக்கு (1.22 மி.மீ.) போனால் பலம் ஒன்றே முக்கால் மடங்கு வேண்டும். 16 கேஜுக்கு (1.63 மி.மீ.) போனால் மூன்று மடங்குக்கும் மேல். "ரெண்டு கேஜ்தானே" என்று பலகையில் குழாயை மாட்டி நெம்பினால் தகடு மடியும், கூடவே பீமும் நிரந்தரமாக வளைந்துவிடும். செகண்ட் ஹாண்ட் மெஷின்கள் பலவற்றில் நடு விரிவதற்கு, முந்தைய சொந்தக்காரர் இப்படி நெம்பியதுதான் காரணம்.

மெஷினில் பட்டை ஒட்டி "18 கேஜ்" என்று எழுதியிருந்தால் அது மென்மையான இரும்புத் தகட்டுக்கான கணக்கு. எவர்சில்வருக்கு ஒன்றரை மடங்கு பலம் வேண்டும் என்று கணக்கு வையுங்கள். அந்த மெஷினில் எவர்சில்வர் 20 கேஜோடு நிறுத்துங்கள். கீல் தேய்ந்த பழையது என்றால் 22 நல்லது. பட்டையே இல்லாத மெஷினில் 24 கேஜில் தொடங்கி ஒவ்வொரு படியாக ஏறுங்கள், நடு விரியத் தொடங்கும் இடத்தில் நின்றுவிடுங்கள்.

தடிமன் சரியாக இருந்தும் கனமாக இருக்கிறதென்றால் மூக்கு இடைவெளி மிகக் குறுகலாக இருக்கும். பலகை தகட்டை மடக்குவதை விட்டு நசுக்கப் பார்க்கிறது. மெஷினின் உச்ச தடிமனை மடிக்கும்போது இடைவெளியைத் தடிமனின் இரண்டு மடங்கு வரை கூட்டுங்கள். கம்பி, ஸ்பிரிங் பட்டை, வெல்டிங் தையல் போன தகடு ஆகியவற்றை இந்த மெஷினில் வைக்கவே வேண்டாம். மூக்கில் பள்ளம் விழும், பிறகு மடிக்கிற ஒவ்வொரு தகட்டிலும் அந்தப் பள்ளம் தெரியும்.

பீம் பிடித்தும் தகடு நழுவுகிறது

மடித்த பிறகு உதடு, அதாவது மடிந்து நிற்கும் விளிம்பு, ஒரு கோடியில் 25 மி.மீ., மறுகோடியில் 23 என்று வந்தால் முதலில் தகட்டின் இரு மூலைவிட்டத்தையும் அளந்து பாருங்கள். கடையில் வெட்டிக் கொடுத்த தகடு சதுரமில்லாமல் இருப்பது சாதாரணம். சதுரம் சரிதான் என்றால் தகடு நழுவுகிறது. மூக்கை ஒட்டித் தகட்டில் ஊசியால் ஒரு கோடு கிழித்துவிட்டு மடியுங்கள். கோடு நகர்ந்திருந்தால் பீமின் அழுத்தம் போதவில்லை. பிடிக்கும் நெம்புகோல் கடைசியில் நல்ல எதிர்ப்போடு விழ வேண்டும். அது லேசாக விழுந்தால் அழுத்தத்துக்கான திருகை இரு பக்கமும் சமமாக ஏற்றுங்கள். தடிமன் மாறும்போதெல்லாம் இதையும் மூக்கு இடைவெளியையும் சேர்த்தே மாற்ற வேண்டும். ஒன்றை மாற்றி மற்றதை விடுவதால்தான் நேற்று சரியாக வந்தது இன்று வராமல் போகிறது.

தகட்டில் எண்ணெய் இருந்தாலும் நழுவும். துடைத்துவிடுங்கள்.

90 வரை தூக்கினேன், விட்டதும் 87க்கு வந்துவிட்டது

இது கோளாறு இல்லை, தகட்டின் இயல்பு. மென்மையான இரும்பு இரண்டு மூன்று டிகிரி திரும்பும், எவர்சில்வர் அதைவிட அதிகம். மூக்கு இடைவெளி பெரிதாக, மடிப்பு வளைவும் பெரிதாக, திரும்புவதும் கூடும். எனவே 92, 93 வரை தூக்கி விடுங்கள். எவ்வளவு என்பதை அதே தகட்டின் துண்டில் சோதித்து, பலகையின் நிறுத்தத்தை அங்கே வைத்து இறுக்கிவிடுங்கள். பலகாரக் கடைக்கு எவர்சில்வர் ட்ரே இருபது செய்யும்போது, ஒவ்வொன்றுக்கும் கண்ணால் பார்த்து நிறுத்தினால் இருபதும் இருபது விதமாக வரும், ஒன்றின் மேல் ஒன்று அடுக்காது.

அளவு கூடி வருகிறது

100 மி.மீ. அகலமுள்ள 20 கேஜ் தகட்டை நடுவில் மடித்து, வெளிப்பக்கமாக இரண்டு காலையும் அளந்து கூட்டினால் 101.6 வரும். தகடு நீளவில்லை. மடிப்பின் மூலையை இரண்டு காலிலும் சேர்த்து அளக்கிறோம், அவ்வளவுதான். கூடுதலாக வந்த 1.6 மி.மீ.தான் ஒரு மடிப்புக்கு நீங்கள் கழிக்க வேண்டிய அளவு. சாதாரணமாக அது தடிமனின் இரண்டு மடங்குக்குக் கொஞ்சம் குறைவாக இருக்கும். ஆனால் சூத்திரத்தைவிட உங்கள் மெஷினில், உங்கள் இடைவெளியில் மடித்த துண்டை நம்புங்கள். நான் ஒவ்வொரு தடிமனுக்கும் இப்படி ஒரு துண்டு மடித்து, மார்க்கரில் எழுதிச் சுவரில் தொங்கவிட்டிருக்கிறேன். நாலு மடிப்புள்ள கால்வாயில் இதைக் கழிக்காவிட்டால் ஆறு மி.மீ.க்கும் மேல் பிழை. ஓட்டு விளிம்புக்குக் கீழே போட்ட கொக்கியில் உட்காராது.

மடிப்புக் கோட்டில் வெடிப்பு

அலுமினியத்தில் அதிகம் வரும். தகட்டைத் திருப்பிப் பார்த்தால் உருட்டிய திசையில் மெல்லிய கோடுகள் தெரியும். மடிப்பு அந்தக் கோடுகளுக்குக் குறுக்கே போக வேண்டும். அவற்றுக்கு இணையாகப் போனால் வெடிக்கும். கோடு சரியாக இருந்தும் வெடித்தால் மூக்கு இடைவெளியைக் கூட்டி மடிப்பு வளைவைப் பெரிதாக்குங்கள். அப்படியும் வெடித்தால் அது கெட்டியான ரகம், மடிக்க ஆகாது. 6061 டி6 ரகம் அப்படிப்பட்டது. மடிப்பு வேலைக்கு 3003 ரகம் கேட்டு வாங்குங்கள்.

ஜி.ஐ. தகட்டில் இரும்பு வெடிக்காமல் மேலே உள்ள துத்தநாகம் மட்டும் செதிலாக உரியும். மாட்டும்போது ஒன்றும் தெரியாது, இரண்டு மழை கழித்து அந்தக் கோட்டில் மட்டும் சிவப்பாகத் துரு ஓடும். இதற்கும் வளைவைப் பெரிதாக்குவதுதான் வழி. உரிந்த இடத்தில் துத்தநாகம் கலந்த பிரைமர் அடித்துவிடுங்கள்.

இதோடு சேர்ந்த இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பழைய வீட்டில் மேலே செப்புத் தகடு இருந்து, அதிலிருந்து வடியும் தண்ணீர் உங்கள் ஜி.ஐ. கால்வாயில் விழுந்தால், எவ்வளவு நன்றாக மடித்திருந்தாலும் துத்தநாகம் சீக்கிரம் அரிக்கப்படும். செம்பு கரைந்த தண்ணீர் துத்தநாகத்தைத் தின்றுவிடும். 1953 முதல் உலோக அரிப்பையும் மின்வேதியியலையும் ஆராயும் சிக்ரி நிறுவனம் இருக்கிற காரைக்குடியில் இதைச் சொல்ல நான் தேவையில்லை. ஆனாலும் இந்தத் தவற்றை வேலைக்குப் போகிற வீடுகளில் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். செம்புக்குக் கீழே செம்பையே மாட்டுங்கள். கையில் எடுக்கும்போதே விறைப்பாக இருக்கிற செப்புத் தகட்டை மங்கிய சிவப்பு வரும்வரை சூடாக்கித் தண்ணீரில் முக்கினால் மென்மையாகிவிடும், அப்புறம் வெடிக்காமல் மடியும்.

தகட்டில் கீறலும் தடமும்

கீறல் ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப வந்தால் மூக்கில் அல்லது பலகை விளிம்பில் பள்ளமோ மேடோ இருக்கிறது. விரலால் தடவினால் தெரியும். மேட்டை மெல்லிய அரத்தால் தேய்த்து, எண்ணெய்க் கல்லால் மழுக்குங்கள். பள்ளத்தை வெல்டிங் வைத்து அடைக்க முயலாதீர்கள், சூட்டில் மூக்கு கோணிவிடும். பள்ளம் இல்லாத பகுதியில் நல்ல வேலையை வைத்துக்கொண்டு, மூக்குத் துண்டைக் கழற்ற முடிந்தால் மெஷினில் சீவி மட்டமாக்கும் பிளேனிங் செய்துகொள்ளலாம். பளபளப்பான எவர்சில்வருக்கு அதன் மேல் வரும் பிளாஸ்டிக் தாளை உரிக்காமலே மடியுங்கள்.

ட்ரேயில் இரண்டு பக்கம் மடிந்தது, மூன்றாவது இடிக்கிறது

எதிரெதிர்ப் பக்கங்கள் மடிந்து நின்ற பிறகு, அவற்றுக்கு நடுவே எட்டடிப் பீம் நுழையாது. முழு நீள மூக்கு உள்ள மெஷினால் பெட்டி செய்ய முடியாது. மூக்கு விரல் விரலாகப் பிரிந்திருக்கும் மெஷின்தான் வேண்டும். அதில் ட்ரேயின் அகலத்துக்குத் தேவையான விரல்களை மட்டும் விட்டு மற்றவற்றைக் கழற்றிவிடலாம். ட்ரேயின் ஆழம் விரலின் உயரத்துக்குள் இருக்க வேண்டும். விரல்களை மாற்றிப் போட்டதும் ஒரு நேர்ச்சட்டத்தை முகத்தில் ஒட்டி வைத்து வரிசைப்படுத்தி இறுக்குங்கள், இல்லாவிட்டால் மடிப்பில் படிப்படியாகத் தடம் விழும்.

முழு மூக்கு மெஷின் மட்டும் இருப்பவர்கள் இரண்டு நீளப் பக்கத்தை மெஷினில் மடித்துவிட்டு, மற்ற இரண்டையும் புளியமரக் கட்டையில் வைத்துக் கொட்டாப்புளியால் மடக்கலாம். மூலையில் மடிப்புகள் சந்திக்கும் இடத்தில் முன்கூட்டியே சிறு துளை போட்டுக்கொண்டால் கிழியாது. ஒரே அடியில் மடக்காமல், ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குப் போய் வந்து, ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் கொஞ்சமாக இறக்குங்கள்.

ஆச்சி வீட்டுக் கால்வாயின் கோடி மூடிகள் இப்படிக் கட்டையில் அடித்தவைதான். ஏழாவது தகட்டில் தொடங்கி எல்லாவற்றையும் மடித்து முடிக்க இரண்டு நாள் ஆனது. மாட்டி முடித்த மறுவாரம் மழை பிடித்துக்கொண்டது. போய்ப் பார்த்தபோது தண்ணீர் நாலு பக்கமும் கால்வாய் வழியே ஓடி, மூலைக் குழாயில் இறங்கிக்கொண்டிருந்தது.